மேடைக்காரர் மகளுக்கு ஓர் அறை

ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. மடம் என்றதும் யானை, பல்லக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு அறை, ஒரு கிணறு, ஒரு சமையல்கட்டு, கிழக்கே பார்த்து ஓர் அம்மன் சன்னிதி. அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டவர் உமையாள் அம்மை. வயது நாற்பத்து மூன்று.

அம்மையிடம் ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல மாட்டார், வேலை சொல்வார். மனசு சரியில்லை என்று வந்தவரைக் கிணற்றுப் படியில் பாசி சுரண்டச் சொல்வார். கடவுள் எங்கே இருக்கிறார் என்று கேட்டு வந்த ஒரு பேராசிரியரை அரை மூட்டை உளுந்தில் கல் பொறுக்க உட்கார வைத்தார். பேராசிரியர் மறுநாள் வரவில்லை. மற்றவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அப்படி வருகிறவர்களில் ஒருவர் ஆவுடையப்பன். வயது அறுபத்திரண்டு. குருவைவிடச் சீடர் பத்தொன்பது வயது மூத்தவர். அவர் அம்மையை "அம்மா" என்பார். அம்மை அவரை "அண்ணாச்சி" என்பார். இதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை.

சுற்று வட்டாரத்தில் அவரை மேடை ஆவுடையப்பன் என்றால்தான் தெரியும். முப்பத்தைந்து வருஷம் கல்யாண மண்டபங்களில் மணமேடை அலங்காரம் செய்தவர். அவர் மேடையில் நின்று தாலி கட்டிக்கொண்டவர்களுக்கு இன்று பேரன் பேத்தி இருக்கிறது. மனைவி செண்பகம் போனதும் தொழிலை விட்டார். அதன்பின் ஆறு வருஷமாகத் தினமும் விடிந்ததும் பூக்கூடையோடு வந்து அம்மனுக்கு அலங்காரம் செய்துவிட்டுப் போவார்.

அன்றைக்கு அவர் கையில் பூக்கூடை இல்லை. பெயின்ட் கடையில் கொடுக்கிற கலர் அட்டை ஒன்று இருந்தது.

அம்மை சமையல்கட்டில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"பூ எங்க, அண்ணாச்சி?"

"மறந்துட்டேன், அம்மா."

ஆறு வருஷத்தில் ஒரு நாள் மறந்ததில்லை. அம்மை அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தார்.

"என்ன விஷயம்?"

"வடிவு வாரா."

வடிவு அவருடைய ஒரே மகள். கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் கலைந்துபோயிற்று. இப்போது மூன்றாவது. ஆறாம் மாதம் நடக்கிறது. பத்து நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழுந்து நடமாடக் கூடாது, இடது பக்கமாக ஒருக்களித்தே படுத்திருக்க வேண்டும், மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் குடியிருப்பதோ மூன்றாவது மாடியில். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அவளைக் கொண்டுவந்து விட்டதும் கிளம்பியாக வேண்டும்.

"தாயில்லாத பொண்ணு. அப்பன் வீட்டுக்குத்தான வரணும்?" என்றார் ஆவுடையப்பன்.

"வரட்டுமே. அதுக்கு ஏன் மொகம் இப்படி இருக்கு?"

"வந்து பாக்கேன்னு சொல்லுதா அம்மா. வந்து இருக்கேன்னு சொல்லல. 'பெட்டி கார்லயே இருக்கட்டும் அப்பா. சரிப்படலன்னா அப்படியே மதுரைக்கு நாத்தனார் வீட்டுக்குப் போயிருவேன்'னு சொல்லுதா."

மதுரைக்குக் காரில் மூன்று மணி நேரம். அந்த உடம்போடு போகிற பயணம் அல்ல அது. அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தும் அப்படிச் சொல்கிறாள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

ஆவுடையப்பன் வீடு வீடாக இருந்ததே இல்லை. அது ஒரு குடோன். முன்னறையில் தெர்மாகோல் தூண்கள், நடையில் சுருட்டிய கம்பளங்கள், அடுத்த அறையில் சிவப்பு வெல்வெட் போட்ட மாப்பிள்ளை நாற்காலிகள். ஆள் உயரத்துக்கு இரண்டு அன்னப்பறவைகள் வேறு. வடிவு பத்தாம் வகுப்புக்குப் படித்ததே ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்துதான். சடங்கான பெண்ணுக்குத் தனியாகப் பாய் விரிக்க இடமில்லாமல், செண்பகம் நாலு தூண்களை நகர்த்திவிட்டு இடம் பண்ணினாள். ஊரில் உள்ள கல்யாணப் பெண்களுக்கெல்லாம் அரண்மனை கட்டிக் கொடுத்த மனுஷர், தன் வீட்டில் கால் நீட்ட இடம் வைக்கவில்லை. அதைப் பற்றி அவர் யோசித்ததும் இல்லை. யோசிக்க அவர் வீட்டில் இருந்தால்தானே.

"எல்லாத்தையும் பழைய கூட்டாளி ஒருத்தன்கிட்ட தூக்கிக் கொடுத்துட்டேன் அம்மா. ஒரு அறையக் காலி பண்ணி வெள்ளையடிச்சுப் போட்டிருக்கேன். அதுக்குமேல கை ஓட மாட்டேங்கு. வெள்ளிக்கிழமை வாரா. இன்னும் எட்டு நாள்தான் இருக்கு."

"எத்தன மேடை போட்டிருப்பீய?"

"நாலாயிரம் இருக்கும்."

"அதுக்கு ஓடுன கை இதுக்கு ஓடலயா?"

"அது யாரு வீட்டுக் கல்யாணமோ. பிடிக்கலன்னா திட்டிட்டுப் போவாங்க. இவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வண்டி ஏறிட்டான்னா..." கலர் அட்டையை மடக்கினார், விரித்தார். "எங்க இருந்து ஆரம்பிக்க, அம்மா? சுவர் கலர்ல இருந்தா, திரைச்சீலையில இருந்தா, கட்டில்ல இருந்தா? அத மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அம்மை யோசித்தார்.

"மண்டபத்துல எங்க இருந்து ஆரம்பிப்பீய?"

"பேக்டிராப்புல. பின்னாடி சுவர்தான் முதல்ல. அது நின்னுட்டா மத்ததெல்லாம் அதுக்குத் தக்கன வந்து உக்காந்துக்கிடும்."

"அப்ப அப்படியே செய்ங்க," என்று சொல்லிவிட்டு அம்மை பூசணிக்காயை எடுத்துக்கொண்டார்.

ஆவுடையப்பனுக்குத் தலையில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. கிணற்றடிக்கு அனுப்பாமல், உளுந்து பொறுக்க விடாமல், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் கிடைத்திருக்கிறது. அம்மைக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினார்.

அன்றிலிருந்து நாலு நாள் கை ஓடு ஓடென்று ஓடியது. வாசலுக்கு நேர் எதிரே உள்ள சுவரில் இளம் ரோஜா நிறம் அடித்தார். அதன் நடுவில் ஆறடி அகலத்துக்கு ஒரு தெர்மாகோல் தாமரை, கூட்டாளியிடம் போய்த் திரும்ப வாங்கி வந்தது. தாமரையைச் சுற்றி சீரியல் செட் பல்புகள். ஜன்னலுக்கு மெரூன் நிறத்தில் கனத்த திரை, அதற்குத் தங்க நிறக் குஞ்சம். தாமரைக்கு நேர் கீழே தலைமாடு வரும்படி கட்டிலைப் போட்டார். கட்டிலின் இரண்டு பக்கமும் பித்தளைக் குத்துவிளக்கு வைத்தார். வேலை முடிந்ததும் வாசலில் போய் நின்று பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இடது பக்க விளக்கை அரை சாண் உள்ளே தள்ளினார். மறுபடி வாசலுக்கு வந்து பார்த்தார்.

தான் போட்ட நாலாயிரம் மேடையிலும் இதுபோல் ஒன்று அமையவில்லை என்று அவருக்குத் தோன்றியது. அது உண்மையும்கூட.

திங்கட்கிழமை காலை அம்மையைக் கூப்பிட்டு வந்தார்.

அம்மை வாசலில் நின்றார். ஆவுடையப்பன் சுவிட்சைத் தட்டினார். தாமரை மினுங்கியது.

"ஆத்தாடி," என்றார் அம்மை. "கண்ணு கூசுது அண்ணாச்சி. நல்லா இருக்கு."

ஆவுடையப்பனுக்கு வாயெல்லாம் பல்.

"கட்டில் உறுதியா இருக்குமா?"

"தேக்கு, அம்மா. நாலு பேரு ஏறி நின்னாலும் அசையாது."

"ஒரு ஆளு படுத்தா போதும். படுங்க பாப்போம்."

"நானா?"

"நீங்கதான்."

அவர் கூச்சத்தோடு ஏறிப் படுத்தார். நிமிர்ந்து படுத்து, கையைக் கட்டிக்கொண்டார்.

"அப்படியா படுக்கச் சொல்லியிருக்காவ?"

ஆவுடையப்பன் இடது பக்கமாகத் திரும்பி ஒருக்களித்தார்.

"என்ன தெரியுது?"

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"சொல்லுங்க. என்ன தெரியுது?"

"சுவிட்ச் போர்டு."

"அப்புறம்?"

"பீரோவோட சைடு. பழைய ஸ்டிக்கர் ஒண்ணு பாதி கிழிஞ்சு இருக்கு."

"அப்புறம்?"

"டியூப் லைட்டு. கண்ணுக்கு நேரா அடிக்கி."

"தாமரை?"

"தலைக்குப் பின்னால இருக்கு."

"ஜன்னல்?"

"முதுகுக்குப் பின்னால."

அம்மை வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். "எம்புட்டு நாளைக்கு அவ அப்படிப் படுத்திருக்கணும்?"

"மூணு மாசம்."

"நான் இந்த வாசல்ல எம்புட்டு நேரம் நின்னேன்?"

ஆவுடையப்பன் எழுந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷமாகக் கற்ற தொழில் அது. போட்டோக்காரர் எங்கே நிற்பார், முதல் வரிசையில் யார் உட்காருவார்கள் என்று பார்த்துப் பார்த்தே மேடை போட்டுப் பழகியவர். மேடையில் இருக்கிற பெண்ணும் மாப்பிள்ளையும் எதைப் பார்ப்பார்கள் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அரை நாள் நின்றுவிட்டு இறங்கிப் போகிறவர்களுக்கு அது எதற்கு?

"தாமரையக் கழத்தி அந்தச் சுவத்துல மாட்டிருதேன் அம்மா. பீரோவ இழுத்துப் போட்டா இடம் இருக்கு. ரெண்டு மணி நேர வேலை."

"ஆரம்பிச்சிட்டீயளா?" என்றார் அம்மை. "ஆணியத் தொடாதீய. நாளைக்குப் பூரா இதுல படுத்துக்கிடங்க. அதே மாதிரி, இடது பக்கமா. பாத்ரூம் போக மட்டும் எந்திரிக்கலாம். சாப்பாடு பகவதி கொண்டாருவா."

"அம்மா, நாள் இல்ல. வெள்ளிக்கிழமை வாரா."

"செவ்வாய் போனா புதன், வியாழன் இருக்குல்லா?"

அம்மை போய்விட்டார். உளுந்து மூட்டையே தேவலாம் என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் படுத்தார். எட்டு மணிக்கே சுவிட்ச் போர்டில் எத்தனை திருகாணி என்று எண்ணி முடித்துவிட்டார். ஆறு. அதில் ஒன்று துருப்பிடித்தது. ஒன்பது மணிக்குத் தாகம் எடுத்தது. சொம்பு, கைக்கு எட்டாத தூரத்தில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அழகாக இருந்தது. ஃபேன் போடவும் எழுந்திருக்க வேண்டும். அவர் எழுந்திருக்கவில்லை. அம்மையின் சொல்லை மீறுகிற தைரியம் அவருக்கு எந்நாளும் இருந்ததில்லை.

முதுகுக்குப் பின்னால் ஜன்னல் பக்கம் ஏதோ ஒரு குருவி கத்தியது. என்ன குருவி என்று பார்க்க முடியவில்லை. பார்த்தால்தான் என்ன என்று இருந்தது. அப்புறம் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இருந்தது.

மத்தியானம், மடத்தில் சமைக்கிற பகவதி தூக்குவாளியோடு வந்தாள். சோற்றை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பகவதி, முழங்கால் வலி எப்படி இருக்கு?"

"எனக்கு எங்க முழங்கால் வலி? அது எங்க மதினிக்குல்லா."

"சரி, மதினிக்கு எப்படி இருக்கு?"

"அவ நல்லா நடக்கா. நான் வாரேன், அடுப்புல பால் இருக்கு."

அவள் போனபின் அவருக்கே சிரிப்பு வந்தது. பகவதியிடம் ஆறு வருஷத்தில் ஆறு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்கு அவள் இன்னும் ஐந்து நிமிஷம் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அடுத்த வீட்டில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. நம் வீட்டுக்கோ என்று காதைத் தீட்டினார். இல்லை.

நாலு மணி வாக்கில் அந்த நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

செண்பகம் கடைசி நாற்பது நாளும் இதே அறையில்தான் படுத்திருந்தாள். தூண்களுக்கு நடுவில், ஒரு கட்டில் போடும் அளவு இடத்தில். அவள் கால்மாட்டில் ஓர் அன்னப்பறவை நின்றது. "அந்த அன்னத்தக் கொஞ்சம் நகத்தி வைக்கீயளா?" என்று ஒரு நாள் கேட்டாள். பழசாகி, வெள்ளை மங்கி, மூக்கு உடைந்த அன்னம் அது. அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே ஒரு மஞ்சள் பட்டுத் துணியைக் கொசுவம் வைத்து, அன்னத்தின் மேல் அழகாகப் போர்த்திவிட்டார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு," என்றாள் செண்பகம். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

அந்த அன்னத்துக்குப் பின்னால் வாசல். வாசலுக்கு அந்தப் பக்கம் கூடம். கூடத்தில் உட்கார்ந்துதான் அவர் அடுத்த கல்யாணத்துக்குப் படம் வரைந்துகொண்டிருப்பார்.

ஆவுடையப்பன் இடது பக்கமாகப் படுத்தபடியே அழுதார். அறுபத்திரண்டு வயது மனுஷர், கேட்க ஆள் இல்லாத வீட்டில், குழந்தைபோல் வாய்விட்டு அழுதார். தலையணை நனைந்தது. அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி அழுதார். ஆறு வருஷம் முன்பு சுடுகாட்டில் வராத அழுகை அது. அழுது முடித்தபோது உடம்பு லேசாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

புதன்கிழமை தாமரை இறங்கியது. சீரியல் செட், குஞ்சம், குத்துவிளக்கு எல்லாம் இறங்கின. பீரோ கூடத்துக்குப் போயிற்று. ரோஜா நிறச் சுவருக்கு மறுபடி வெள்ளையடித்து, மெரூன் திரையைக் கழற்றினார். ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டு முருங்கை மரமும், மின்கம்பியில் வால் நீண்ட ஒரு கரிச்சான் குருவியும் இருந்தன. நேற்று கத்தியது இதுதானா என்று கேட்டுக்கொண்டார். கட்டிலைத் திருப்பிப் போட்டார். இடது பக்கம் ஒருக்களித்தால் இப்போது ஜன்னல் முகத்துக்கு நேரே வந்தது. வாசலில் யார் நுழைந்தாலும் கண்ணில் பட்டது.

மேடைக்கு விளக்குப் போட்ட கை அல்லவா, வயர் இழுத்து ஃபேனுக்கும் லைட்டுக்கும் கட்டிலோரத்திலேயே சுவிட்ச் வைத்தார். பிறகு படுத்துக்கொண்டு கையை நீட்டினார். கை எட்டிய இடத்தில் சொம்புக்கு ஒரு சின்னப் பலகை அடித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை படுத்தார், எழுந்தார். வாசலில் போய் நின்று பார்க்க அவருக்கு ஞாபகமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை குருநாதன் இறங்கி, வடிவைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். பெட்டிகள் காருக்குள்ளேயே இருந்தன. டிரைவர் என்ஜினை அணைக்கவில்லை.

வடிவு அறை வாசலில் நின்றாள். வெறும் வெள்ளைச் சுவர், ஒரு கட்டில், ஒரு ஜன்னல். மூலை மூலையாகக் கண்ணை ஓட்டினாள்.

"ஒண்ணுமே செய்யலயாப்பா?"

ஆவுடையப்பன் அந்தத் தாமரையை இறக்காமல் விட்டிருக்கலாமோ என்று ஒரு நொடி, ஒரே நொடி, நினைத்துவிட்டார்.

"படுத்துப் பாரு, தாயி," என்றார்.

அவள் மெதுவாக உட்கார்ந்து, காலைத் தூக்கிப் போட்டு, இடது பக்கமாகச் சாய்ந்தாள். கரிச்சான் வந்து கம்பியில் உட்கார்ந்தது. வடிவின் கை தானாக நீண்டது. சுவிட்ச் தட்டுப்பட்டது. ஃபேன் சுற்றியது. அவள் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொம்பைத் தொட்டாள். எட்டியது. கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ரொம்ப நேரம் கழித்து, "ஏங்க," என்றாள்.

"என்ன?" என்றார் குருநாதன்.

"பெட்டிய இறக்குங்க."

வாசலில் என்ஜின் அணையும் சத்தம் கேட்டது. நாதஸ்வரம்கூட ஆவுடையப்பன் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை.

"அப்பா," என்றாள் வடிவு. திரும்பாமலேயே கேட்டாள். "ஜன்னலுக்குப் பக்கத்துல அந்த இடம் மொட்டையா இருக்கே. அங்க என்ன வைக்கப் போறீய?"

ஜன்னலை ஒட்டி நாலடி அகலத்துக்கு வெறும் சுவர். அவர் அதை மறந்தே போயிருந்தார். அவள் கண்ணுக்கு நேரே இருந்தது.

"அதுவா? அத... ஒரு நிமிஷம் தாயி, கேட்டுட்டு வந்துருதேன்."

"யாருகிட்டப்பா?"

அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

மடத்தில் அம்மை துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் மூச்சு வாங்க வந்து நின்றார். முகம் சிரித்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. எதைத் துடைப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

"அம்மா, இருக்கேன்னுட்டா. பெட்டிய இறக்கச் சொல்லிட்டா."

அம்மையின் முகம் மலர்ந்தது. கையில் இருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "நல்லது அண்ணாச்சி. ரொம்ப நல்லது. மனசுக்குக் குளுகுளுன்னு இருக்கு. படுத்துப் பாத்தாளா?"

"பாத்தா. எல்லாம் எட்டுது. எல்லாம் தெரியுது. ஒரே ஒரு இடந்தான் அம்மா, அத மட்டும் சொல்லிருங்க. ஜன்னலுக்குப் பக்கத்துல நாலடிச் சுவர். என்ன வைக்கப் போறீயன்னு அவளே கேட்டுட்டா. கொழந்தைப் படம் வைக்கக் கூடாது, ரெண்டு தடவை பட்டவ, அது எனக்குப் புரியுது. சாமி படம்னா எந்தச் சாமி? இல்ல, ஒரு பூச்சட்டி வச்சுப் பாக்கட்டா? கண்ணாடி மாட்டுனா வெளிச்சம் வரும். ஆனா படுத்த மேனிக்குத் தன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு..."

"அண்ணாச்சி."

"சொல்லுங்க அம்மா."

"இப்ப அவ எங்க பாத்துக்கிட்டு இருப்பா?"

"அந்த நாலடியத்தான்."

"அங்க இப்ப என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. அதான ஓடியாந்தேன்."

அம்மை தோளில் கிடந்த துணியை எடுத்து, உதறி, கொடியில் விரித்தார்.

"திரும்பி ஓடுங்க. போய் அந்த நாலடியில நீங்க உக்காருங்க."